ஒட்டுத்தாளில் போட்ட கையெழுத்து

பிரெஞ்சு மொழியில் லஞ்சத்துக்கு 'போ த வேன்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஒரு குடுவை ஒயின்', அவ்வளவுதான். நம் பக்கத்தில் 'காபிச் செலவு' என்கிறோமே, அதே சங்கதி. 'மாமூல்' என்றால் வழக்கமானது என்று பொருள். எந்த மொழிக்காரரும் இந்தக் காரியத்தை அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

வீட்டுப் பேச்சில் இப்படி என்றால் அரசாங்கப் பேச்சில் இன்னும் நாகரிகம். வெளிநாட்டில் வியாபாரம் பிடிப்பதற்காக அங்குள்ள அதிகாரிக்குக் கொடுத்த பணத்தை ஜெர்மன் கம்பெனிகள் 'பயனுள்ள செலவு' என்று எழுதிக்கொண்டன. பிரான்சில் 'விதிவிலக்கான வணிகச் செலவுகள்'. ஜெர்மனியில் 1999 வரையிலும் பிரான்சில் 2000 வரையிலும் இந்தச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டினால் போதும். உள்நாட்டு அதிகாரிக்குக் கொடுத்தால் சிறை, அடுத்த நாட்டு அதிகாரிக்குக் கொடுத்தால் வரிச்சலுகை. முதன்முதலில் இதைப் படித்தபோது நான் பிரெஞ்சைத் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று அகராதியை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

இதையெல்லாம் இந்த வயதில் கிளறக் காரணம் என் தங்கை மகள். ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் இந்தியக் கிளையில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறாள். லஞ்சத் தடுப்பு ஏற்பாடு ஒன்றை, அவர்கள் பாஷையில் 'கம்ப்ளையன்ஸ் புரோகிராம்', தலைமையகம் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பி அமல்படுத்தச் சொல்லியிருக்கிறது. மூலம் பிரெஞ்சில். ஆங்கில மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால், "மாமா, இந்த வரிக்கு நிஜமாவே என்ன அர்த்தம்?" என்று பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். இருபது வயதில் வேலை தேடும்போது பெரிதாக உதவாத அந்தப் படிப்பு எழுபதுக்கு மேல் இப்படிப் பயன்படுகிறது.

அவளுக்குப் பொருள் சொல்லத் தொடங்கி, பிறகு நானாகவே தேடிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆயுளில் பாதிக்கு மேல் பில்லும் வவுச்சரும் பார்த்தவனுக்கு இது துப்பறியும் கதையை விட ருசியாக இருக்கிறது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. வாட்டர்கேட் விசாரணையின்போது கம்பெனிகளின் கணக்கில் வராத பணம் வெளியே தெரிந்தது. தோண்டத் தோண்ட 400-க்கு மேற்பட்ட கம்பெனிகள், வெளிநாட்டு அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் கொடுத்தது உட்படச் சந்தேகத்துக்குரிய பட்டுவாடாக்களை ஒப்புக்கொண்டன. மொத்தம் 30 கோடி டாலருக்கு மேல். லாக்ஹீட் விமானக் கம்பெனியின் பணம் ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனாகாவைச் சிறைக்கு இழுத்தது. 1977 டிசம்பரில் அமெரிக்கா வெளிநாட்டு ஊழல் நடவடிக்கைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இந்தச் சட்டத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுக்கக் கூடாது. இன்னொன்றை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெயர் பதிந்த கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தை உண்மையாக எழுத வேண்டும், பணம் உரிய அனுமதியோடுதான் வெளியே போகிறது என்று உறுதிசெய்யும் கட்டுப்பாடுகளை வைத்திருக்க வேண்டும். லஞ்சத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும் பொய்யான பதிவு எழுதியதே குற்றம். இந்த இரண்டாவது காலை யோசித்துச் சேர்த்தவர் எந்த அலுவலகத்திலாவது கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஏனென்றால் லஞ்சம் வாங்குபவனுக்கு வேண்டியது ரொக்கம், கொடுக்கும் கம்பெனிக்கு வேண்டியது காகிதம். தனி மனிதன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். கம்பெனிக்குச் சட்டைப்பை கிடையாது. அதன் பணம் ஒவ்வொரு காசும் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ், யாராவது ஒருவர் கையெழுத்தில்தான் வெளியே போக முடியும். ஆகவே ஒவ்வொரு பெரிய லஞ்சத்துக்கும் பின்னால் ஒரு பொய் வவுச்சர் இருக்கிறது. அந்த வவுச்சர் யாரோ ஒரு குமாஸ்தாவின் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

சீமென்ஸ் விவகாரம் இதற்கு உதாரணம். 2006 நவம்பர் 15 காலை மியூனிக்கிலும் மற்ற ஊர்களிலும் அந்தக் கம்பெனியின் அலுவலகங்களுக்குள் போலீஸ் நுழைந்தது. பிறகு அமெரிக்க அதிகாரிகள் எண்ணிச் சொன்ன கணக்கு: 2001 மார்ச்சிலிருந்து 2007 செப்டம்பர் வரை 4,283 பட்டுவாடாக்கள், சுமார் 140 கோடி டாலர், பல நாடுகளின் அரசு அதிகாரிகளுக்கு. வங்கதேசத்தின் செல்போன் இணைப்புகள், வெனிசுவேலாவின் மெட்ரோ ரயில், அர்ஜென்டினாவின் அடையாள அட்டை என்று நீள்கிறது பட்டியல். அந்த 2001 மார்ச்சில்தான் சீமென்ஸ் நியூயார்க் பங்குச் சந்தையில் சேர்ந்து, மேலே சொன்ன சட்டத்தின் கீழ் வந்தது. அதாவது 'இனி இது குற்றம்' என்று தெரிந்த பிறகு நடந்ததற்கு மட்டுமே இந்தக் கணக்கு.

என்னைக் கட்டிப்போட்டது தொகை அல்ல, அது நடந்த விதம். கம்பெனிக்குள்ளேயே மூன்று 'கேஷ் டெஸ்க்' இருந்தன. ஊழியர் காலிப் பெட்டியோடு போவார், நிரப்பிக்கொண்டு வருவார். ஒரே நடையில் பத்து லட்சம் யூரோ வரை எடுக்கலாம். சதவீதத்தைக் காகிதத்தில் எழுத ஒரு சங்கேதம். 'மேக் பிராஃபிட்' என்ற ஆங்கிலச் சொற்களின் பத்து எழுத்துகளுக்கும் 1 முதல் 0 வரை எண். 'ஏ-பி-பி கோப்பில் வை' என்று குறிப்பு வந்தால் 2.55 சதவீதம் என்று அர்த்தம். லாபம் சம்பாதி என்ற சொல்லையே சாவியாக வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

இவற்றையெல்லாம் விட எனக்குத் தூக்கம் வராமல் செய்தது ஒரு சின்ன விஷயம். எந்தப் பட்டுவாடாவுக்கும் இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது சீமென்ஸில் விதி. 'நாலு கண் கொள்கை' என்பார்கள். ரகசியப் பட்டுவாடாவிலும் விதியை மீறவில்லை! ஒப்புதல் படிவத்தில் மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டார்கள். பணம் போன பிறகு தாளைப் பிய்த்துவிட்டால் கோப்பில் யார் கையெழுத்தும் இருக்காது. எங்கள் காலத்தில் பென்சிலில் இனிஷியல் போடும் அதிகாரிகள் உண்டு, பிரச்சினை வந்தால் ரப்பரால் அழித்துவிடலாம் என்று. ஜெர்மானியர்கள் எதையும் ஒரு படி மேலே செய்கிறார்கள்.

அந்த நாளிலும் சீமென்ஸில் நடத்தை விதிப் புத்தகம் இருந்தது, கம்ப்ளையன்ஸ் அதிகாரிகள் இருந்தார்கள், தணிக்கையாளர்கள் இருந்தார்கள். 'லஞ்சம் கூடாது' என்ற வாசகமும் இருந்தது. எல்லாம் இருந்துகொண்டேதான் 4,283 முறை நடந்தது. இந்த வேலையைக் கவனித்தவர்களில் ஒருவரான ரைன்ஹார்ட் சீகாசெக், நடுமட்ட மேலாளர், ஆண்டுக்கு 4 முதல் 5 கோடி டாலர் வரை தன் கை வழியே போனதாகப் பின்னால் பத்திரிகைகளிடம் சொன்னார். 2008-இல் மியூனிக் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தது. என்றாவது ஒருநாள் பழி தன் தலையில் விழும் என்று முன்கூட்டியே காகிதங்களின் படிகளை அவர் எடுத்துவைத்திருந்தார். அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கீழ்மட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் படி எடுத்துவைக்கும் கை புரியும்.

2008 டிசம்பர் 15 அன்று வழக்கு முடிந்தது. அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்குமாகச் சேர்த்து சுமார் 160 கோடி டாலர் கட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது: தாய்க் கம்பெனி ஒப்புக்கொண்ட குற்றம் லஞ்சம் அல்ல. உள் கட்டுப்பாடுகள் இல்லாததும் கணக்குப் புத்தகம் பொய்யானதும்தான். லஞ்சம் என்று ஒப்புக்கொண்டால் அரசு ஒப்பந்தங்களுக்கே தடை வந்துவிடும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். எப்படியிருந்தாலும் அவ்வளவு பெரிய கப்பலைக் கவிழ்த்தது அந்த இரண்டாவது கால்தான்.

அதற்குப் பிறகு அங்கே கட்டியெழுப்பியதைத்தான் இன்றும் உலகம் முழுக்க மாதிரியாகக் காட்டுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு புதிய தலைவர், பீட்டர் லோஷர். கம்ப்ளையன்ஸ் வேலைக்கென்று முழுநேர ஊழியர்கள் ஐந்நூறுக்கு மேல். கண்காணிப்பாளராக ஜெர்மனியின் முன்னாள் நிதி அமைச்சர் தியோ வைகல், நான்கு ஆண்டுகளுக்கு. நடந்ததை முன்வந்து சொல்லும் ஊழியர்களுக்கு மன்னிப்புத் திட்டம். நூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஆனால் மன்னிப்பு உயர் அதிகாரிகளுக்குக் கிடையாது. இது எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கும்: மேலே இருப்பவர் 'மருத்துவ விடுப்பில்' போவார், கீழே இருப்பவர் சஸ்பெண்ட் ஆவார்.

இவற்றோடு கவனம் பெறாத இரண்டு காரியமும் செய்தார்கள். கண்ட கண்ட பெயரில் இருந்த வங்கிக் கணக்குகளை ஒழித்துப் பட்டுவாடாவை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வியாபாரம் பிடித்துத் தரும் ஆலோசகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களின் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். என் அறிவுக்கு எட்டியவரை மருந்து இந்த இரண்டும்தான்.

இங்கே என் பழைய பிரெஞ்சுப் பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு அரசுக் கணக்கியலில் ஒரு பழைய விதி: செலவுக்கு உத்தரவு போடுபவர் வேறு, பணத்தைக் கொடுப்பவர் வேறு. முன்னவர் 'ஒர்தொனாத்தேர்', பின்னவர் 'கோந்தாப்ல்'. உத்தரவு போடுபவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், காகிதம் சரியில்லை என்றால் கோந்தாப்ல் பணம் கொடுக்க மாட்டார். கொடுத்தால், தன் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். 2022 வரை இந்தச் சொந்தப் பொறுப்பு பிரான்சில் சட்டமாக இருந்தது. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் அதுவே அவருக்குக் கவசமும்கூட. "ஐயா, நான் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. தந்தால் என் வீடு போய்விடும்" என்று மந்திரியிடமே சொல்லலாம். மறுப்பது அவருடைய குணம் அல்ல, பதவியின் குணம். அதனால் மேலதிகாரிக்கும் கோபப்பட இடமில்லை.

கம்பெனிகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். வியாபாரம் பிடிப்பவரும், ஏஜென்ட்டை நியமிப்பவரும், பில்லுக்கு ஒப்புதல் தருபவரும் ஒரே ஆள். அக்கவுண்ட்ஸ் பையனுக்கு ஆண்டு மதிப்பெண் போடுபவரும் அவர்தான். பையன் எப்படி மறுப்பான்?

அல்ஸ்தோம் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கதையும் இதுதான். அப்போது மின் நிலையங்கள், ரயில்கள் செய்துகொண்டிருந்தவர்கள். 2014 டிசம்பரில் அமெரிக்காவிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 77.2 கோடி டாலர் அபராதம் ஏற்றார்கள். அவர்களுடைய ஆலோசகர்களுக்கு உள்ளே வைத்திருந்த பெயர்கள்: 'திருவாளர் ஜெனீவா', 'திருவாளர் பாரிஸ்', 'அமைதியான மனிதர்', 'பழைய நண்பர்'. ஒப்பந்தம் இருந்தது, பில் இருந்தது, ஒப்புதலும் இருந்தது. 'அமைதியான மனிதர்' என்ன வேலை செய்தார் என்பதற்கு மட்டும் காகிதம் இல்லை.

நம்முடைய கம்பெனியை அமெரிக்கா அதன் சட்டத்தால் அடித்து நொறுக்குகிறதே என்று பிரான்சில் பெரிய கொந்தளிப்பு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. கொந்தளிப்பின் பலனாக வந்தது 2016 டிசம்பர் 9-ஆம் தேதிச் சட்டம், நிதி அமைச்சர் மிஷேல் சப்பேன் பெயரால் 'சப்பேன் இரண்டு'. (சப்பேன் ஒன்று 1993-லேயே வந்துவிட்டது; அதுவும் இதே மனிதர்தான்.) ஐந்நூறு ஊழியர்களும் 10 கோடி யூரோவுக்கு மேல் வருவாயும் உள்ள கம்பெனி, லஞ்சம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், தடுப்பு ஏற்பாட்டை வைத்திருந்தே ஆக வேண்டும். இல்லாததே குற்றம், சோதிக்க ஒரு தனி அரசு அமைப்பு. எட்டு அம்சங்கள் சொல்லியிருக்கிறார்கள். நடத்தை விதி, பயிற்சி, புகார் வழி, தண்டனை முறை போன்றவை நாம் எதிர்பார்ப்பவை. என் தங்கை மகளுக்கும் எனக்கும் நிறையப் பேச்சு நடந்தது வேறு மூன்றைப் பற்றி.

முதலாவது, அபாய வரைபடம். பிரெஞ்சில் 'கார்தோகிராஃபி' என்றே சொல்கிறார்கள், நிலப்படம் வரைவது போல. எந்த நாட்டில், எந்த வேலையில், எந்த மேஜையில் பணம் கசிய வாய்ப்பு என்று முதலில் வரைய வேண்டும். அவளிடம் நான் சொன்னேன்: "மேலே இருக்கறவங்களைக் கேட்டு வரையாதே. டிரைவரைக் கேளு, கேட் ஆளைக் கேளு, துறைமுகத்துக்குப் போய்வர்ற பையனைக் கேளு." இரண்டாவது, மூன்றாம் தரப்பை எடைபோடுவது. ஏஜென்ட் யார், எப்போது பிறந்த கம்பெனி, உரிமையாளர் யார், எந்த அதிகாரிக்கு உறவு, என்ன வேலை, எத்தனை சதவீதம், வேலை ஒரு நாட்டில் என்றால் பணம் ஏன் இன்னொரு நாட்டு வங்கிக்குப் போகிறது. மூன்றாவது, கணக்குக் கட்டுப்பாடு. இதற்கு விளக்கம் வேண்டாம்.

மூன்றாம் தரப்பு என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஏர்பஸ் வழக்கு இருக்கிறது. 2020 ஜனவரி 31 அன்று பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றோடும் ஒரே நாளில் சமரசம். மொத்தம் சுமார் 360 கோடி யூரோ. அதில் பிரான்சின் பங்கு 208 கோடி. பிரிட்டன் நீதிமன்றத்தில் வைத்த உண்மை விவரங்களில் ஐந்து நாடுகள். அவற்றில் ஒன்று இலங்கை. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானம் வாங்கும் விஷயத்தில், அந்த நிறுவன அதிகாரி ஒருவரின் மனைவி தொடங்கிய கம்பெனியை ஏர்பஸ் ஊழியர்கள் இடைத்தரகராக நியமித்தார்கள். 1 கோடியே 68 லட்சம் டாலர் வரை தருவதாகப் பேச்சு. கொடுத்தது 20 லட்சம். ஏற்றுமதிக்குக் கடன் உத்தரவாதம் தரும் பிரிட்டிஷ் அரசு அமைப்பு இடைத்தரகர் யார் என்று கேட்டபோது, அந்தப் பெண்ணின் பெயரையும் மறைத்து, ஆளே ஆண் என்று எண்ணும்படி பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த அமைப்பின் கேள்விகள்தான் கடைசியில் ஏர்பஸ்ஸைத் தானாகவே போய் ஒப்புக்கொள்ளும் நிலைக்குத் தள்ளின. அதாவது யாரோ ஒருவர் தன் மேஜைக்கு வந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம் சரியாக நிரப்பப்படவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு என் வணக்கம்.

இவ்வளவு பாடம் இருந்தும், கம்பெனிகள் இந்த ஏற்பாட்டை நடத்தும் அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீபாவளிக்கு ஒரு சப்ளையர் கொடுத்த அரைக் கிலோ மைசூர்பாகுக்கு என் தங்கை மகள் ஆன்லைனில் மூன்று படிவம் நிரப்பினாள். கணினியில் பயிற்சிப் பாடம். கடைசியில் பத்துக் கேள்வி. எல்லாவற்றுக்கும் 'மேலதிகாரியிடம் தெரிவிப்பேன்' என்று அழுத்தினால் நூற்றுக்கு நூறு. லிஃப்ட் பக்கத்தில் சுவரொட்டி. அதே மாதம் அதே கட்டடத்திலிருந்து ஓர் ஆலோசகருக்கு 'சந்தை ஆய்வு' என்று இரண்டு பக்க அறிக்கைக்குப் பல லட்சம் போனது. அதற்கு ஒரு படிவமும் இல்லை. மைசூர்பாகுக்கு வரைபடம் இருக்கிறது, ஆலோசகருக்கு இல்லை. தேங்காய் திருடனை விட்டுவிட்டு மட்டை பொறுக்கியவனைப் பிடிக்கிற கதை.

இனி அவளுடைய பில்லுக்கு வருகிறேன். நடந்தது போன வருடம்.

துறைமுகத்திலிருந்து இயந்திர பாகங்களை எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டின் பில். சுங்க வரி, துறைமுகக் கட்டணம், லாரி வாடகை, எல்லாவற்றுக்கும் ரசீது. கடைசி வரியில் 'இதர செலவுகள் 38,000'. ரசீது இல்லை. ஒவ்வொரு மாதமும் இருந்த வரிதான். அவளுக்கு முன்னால் இருந்தவர் பாஸ் செய்துகொண்டே வந்திருக்கிறார். இவள் நிறுத்தினாள். ஏஜென்ட் சிரித்துக்கொண்டே, "மேடம், இதுக்கெல்லாம் ரசீது யாரு தருவாங்க?" என்றார். அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

தொழிற்சாலைத் தலைவருக்குக் கோபம். அடுத்த சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது, நாளுக்கு நாள் டெமரேஜ் ஏறுகிறது, முப்பத்தெட்டாயிரத்துக்காக லட்சக்கணக்கில் நஷ்டம் என்றார். அவர் சொன்ன கணக்கு தப்பில்லை. "பொண்ணு இன்னும் புரொபேஷன்லதானே இருக்கு?" என்று அவள் காதில் விழும்படி யாரிடமோ கேட்டிருக்கிறார். அன்று இரவு என்னைக் கூப்பிட்டாள். வீட்டுக் கடன் தவணை அவள் சம்பளத்தில்தான் போகிறது. கணவருக்கு அப்போது நிலையான வேலை இல்லை.

"மாமா, நான் பாஸ் பண்ணிடட்டுமா?" என்றாள்.

நான் வீரவசனம் எதுவும் பேசவில்லை. பேசுவது எனக்குச் சுலபம், பென்ஷன் மாதாமாதம் வந்துவிடும். சட்டம் என்ன என்று மட்டும் சொன்னேன். அமெரிக்கச் சட்டத்தில், வேலையைச் சீக்கிரம் முடிக்க மட்டும் கொடுக்கும் சில்லறைத் தொகைக்கு ஒரு விலக்கு உண்டு. பிரெஞ்சுச் சட்டத்திலும் பிரிட்டிஷ் சட்டத்திலும் அது கிடையாது. நம் நாட்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளைக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். கம்பெனிக்காக யாராவது கொடுத்தால் கம்பெனியும் சிக்கும். முறையான தடுப்பு ஏற்பாடு இருந்தது என்று காட்டுவதுதான் அதற்குள்ள வாதம். "நீ அதை நிறுத்தி வைச்சதுதாம்மா அந்த ஏற்பாடு. வாயால சொல்லாதே. குறிப்பா எழுது. ரசீது இல்லாததால இந்த வரியை மட்டும் நிறுத்தியிருக்கேன், மற்றதுக்குப் பணம் இன்னிக்கே கொடுக்கலாம்னு எழுது. ஏஜென்ட் என்ன வேலைக்காக இந்தத் தொகைன்னு எழுத்துல தரட்டும்னு கேளு. யாரையும் குற்றம் சொல்லாதே." தலைமையகத்துக்கு நேரடியாகத் தெரிவிக்கும் வழி கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. அந்தக் குறிப்பின் பிரதி அதன் வழியே போனது.

ஏஜென்ட் எழுத்தில் எதுவும் தரவில்லை. மூன்றாம் நாள் திருத்திய பில் வந்தது, 'இதர செலவுகள்' இல்லாமல். தொழிற்சாலையில் எல்லோருக்கும் நிம்மதி. அவளுக்கும்தான், அடுத்த மாத பில் வரும் வரை. அதில் 'சேவைக் கட்டணம்' என்ற தலைப்பு மட்டும் கொஞ்சம் பருத்திருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாக 38,000 வித்தியாசம், அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் சேர்த்து. போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அரசாங்கத்துக்கும் அதில் பங்கு கொடுத்துவிட்டார்!

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஏற்பாடுகள் மடங்கி விழும். காகிதம் இப்போது சுத்தம். ரசீது உண்டு, வரி உண்டு, ஒப்பந்தத்தில் 'கட்டணம் அவ்வப்போது மாறும்' என்ற வரியும் உண்டு. தணிக்கையாளர் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். வழக்கமாக இந்தக் கட்டத்தில் யாராவது, 'போதும்மா, நீ உன் கடமையைச் செஞ்சாச்சு' என்பார்கள்.

அவள் மூன்று வருட பில்களை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு பெட்டகத்துக்கு, அதாவது கன்டெய்னருக்கு, எவ்வளவு கட்டணம் என்று மாதவாரியாகக் கட்டம் போட்டாள். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தோழிகளிடம் அங்கே என்ன விலை என்று விசாரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை இது. அந்தக் கட்டத்தை எனக்கும் காட்டினாள். எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் அவளை சூப்பரின்டென்டென்ட் ஆக்கியிருப்பார்கள், அல்லது காரைக்காலுக்கு மாற்றியிருப்பார்கள். இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

கட்டம் பாரிஸுக்குப் போனது. ஆறு வாரம் பதிலே இல்லை. அந்த ஆறு வாரமும் தொழிற்சாலைத் தலைவர் அவளுக்குக் குட்மார்னிங் சொல்லவில்லை, கூட்டங்களுக்குக் கூப்பிடவில்லை. இதற்கிடையில் 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் அந்த 1977-ஆம் வருடச் சட்டத்தின் அமலாக்கத்தை நிறுத்திவைத்து உத்தரவு போட்டார். ஜூனில் புதிய வழிகாட்டுதலோடு மறுபடி தொடங்கினார்கள் என்றாலும், நடுவில் அலுவலகத்தில் ஒருவர் அந்தச் செய்தித் துணுக்கை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனாராம். 'அமெரிக்காவே விட்டுவிட்டது, நீ ஏன்?' என்று அர்த்தம். நான் அவளுக்கு நினைவூட்டினேன், உன் கம்பெனி கட்டுப்பட்டிருப்பது பிரெஞ்சுச் சட்டத்துக்கு, அது அப்படியேதான் இருக்கிறது என்று.

பாரிஸிலிருந்து பதில் நாலு வரியில் வந்தது. கிளியரிங் வேலைக்குப் புதிதாக ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். இனி ஏஜென்ட் பில்லுக்கு ஒப்புதல் தருவது தொழிற்சாலை அல்ல, பிராந்திய நிதி அலுவலகம். அவளுடைய ஆண்டு மதிப்பீடும் இனி அங்கிருந்தே. பாராட்டு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்த மூன்றாவது வரியைப் படித்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கோந்தாப்லை இன்னும் மறந்துவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். புரொபேஷன் முடிந்து கன்ஃபர்மேஷன் கடிதமும் வந்தது, ஒரு மாதத் தாமதத்தோடு.

இப்போது ஒப்பந்தப்புள்ளிகள் வந்திருக்கின்றன. ஆறு பேர். பழைய ஏஜென்ட்டும் போட்டிருக்கிறார். விலை மற்றவர்களை விடக் குறைவு. மூன்றாம் தரப்பு மதிப்பீட்டுப் படிவத்தை அவருக்கும் அனுப்ப வேண்டியவள் இவள்தான். பிரெஞ்சு மூலத்தில் ஒரு கேள்வி இரண்டு அர்த்தம் வரும்படி இருக்கிறது என்று நேற்று போட்டோ அனுப்பினாள். கண்ணாடியைத் தேடி எடுத்து இனிமேல்தான் பார்க்க வேண்டும்.